இரண்டாம் முறை பார்ப்பது

பீன்யாவிலிருந்து வந்திருந்தது புகார்.
அனுப்பியவர் முனிராஜு, மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறவர்,
ஆறு பேர் வேலை பார்க்கும் பட்டறை.
"ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடினால் சரி.
ஓ-டூ போட்டால்
மாடித் தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்பதில்லை.
நேற்று ராத்திரி முழுக்க வழிந்தது.
டேங்கர் தண்ணீர், மேடம். லோடு ஆயிரத்து நானூறு."
கீழே, தனி வரியில்:
"உங்கள் கம்பைலருக்கு ரொம்பத் தாகம்."

பதினோராயிரம் வரி.
வெட்ட ஆரம்பித்தேன்.
ஒரு ஃபங்ஷனைப் பிடுங்கு. பிழை இருக்கிறதா? இருக்கிறது.
இன்னொன்றைப் பிடுங்கு. இருக்கிறது.
பிழை சாகாத வரைக்கும்
எதையும் தூக்கி எறியலாம் என்பது விதி.
டிஸ்ப்ளே போயிற்று, அலாரம் போயிற்று,
"பவித்ரா, இதைத் தொடாதே" என்று
கன்னடத்தில் அவர் எழுதிவைத்த எச்சரிக்கையும் போயிற்று.
மகாதேவபுரத்துச் சாலையில் ஆபீஸ் பஸ்கள்
ஒன்றின் முதுகில் ஒன்று முட்டி நின்ற நேரத்தில்
என்னிடம் மிஞ்சியவை ஒன்பது வரிகள்:
ஒரு லூப்,
ஒரு மிதவை,
மேலே வந்துவிட்டாயா வந்துவிட்டாயா என்று
மிதவையை ஓயாமல் நச்சரிக்கும் ஒரு கேள்வி.

ஐம்பத்து மூன்று பாஸ்கள் எங்களிடம்.
ஒவ்வொன்றும் முடிந்தபின் நிறுத்திப் பார்த்தேன்.
இருபத்தொன்பது வரை கேள்வி லூப்புக்குள் இருந்தது.
முப்பதில்
வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி
வெளியே கிடந்தது.
ஒரே தடவை கேட்கிறது.
நிரம்பிற்றா?
இல்லை.
அந்த இல்லையை ரெஜிஸ்டரில் முடிந்துகொண்டு
லூப் சுற்றுகிறது, சுற்றுகிறது,
இனி எவரையும் எதுவும் கேட்பதாக இல்லை.

முப்பதின் மேல் குற்றமில்லை.
கையில் கொடுத்ததை நம்பியது.
"இது மாறும், ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்" என்று
வாலடைல் போட்டுத்தான் எழுதியிருந்தார் முனிராஜு.
இருபத்திரண்டாம் பாஸ்
நாலு பைட் படிப்பதை ஒரு பைட்டாகக் குறுக்கியபோது
பழைய கட்டளையை எறிந்து புதிதாக ஒன்று செய்தது.
அந்தக் கொடியை மட்டும் மாற்றிக் குத்த மறந்தது.

யார் எழுதியது?
மூன்று வருடம் முன்பு, ஒரு மார்ச்,
செம்மலர் கதிரேசன்.
நான்தான்.
"பெஞ்ச்மார்க்கில் புள்ளி நாலு சதவீதம் வேகம்"
என்று குறிப்பு வேறு.
நினைவிருக்கிறது, கேக் வெட்டினோம்.
முட்டை இல்லாததா என்று
இரண்டு பேர் கேட்டார்கள்.

திருத்தம் ஒரே வரி:
வாலடைல் என்றால் தொடாமல் திரும்பிவிடு.
தன்வீர் கேட்டான்: வேகம் எவ்வளவு குறையும்?
புள்ளி ஒன்று.
கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை.
பிறகு: சரி, டெஸ்ட் எங்கே?
ஒன்பது வரிகளையும் ஒரு கோப்பில் போட்டு
மிதவை என்று பெயர் வைத்தேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு எல்லாம் பச்சை.
கக்கதாசபுரத்து வீட்டில் தூக்கம் வராமல்
மொட்டைமாடிக்கு ஏறினேன்.
கறுப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கி
போன் வெளிச்சத்தை உள்ளே இறக்கினேன்.
நீலக் குழாயின் கழுத்து வரை தண்ணீர்.
மூடினேன்.

படியில் இரண்டு எட்டு வைத்திருப்பேன்.
இப்போதுதானே பார்த்தாய் என்றது
எனக்குள் இருக்கும் இருபத்திரண்டாம் பாஸ்.

திரும்பிப் போய் மறுபடி திறந்தேன்.
இரண்டு விரல் இறங்கியிருந்தது.

கீழே, இரண்டாம் மாடியில்,
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த யாரோ
குளித்துக்கொண்டிருந்தார்கள்.