உள்ளே ஒருவன்

ஸ்டியரிங் நானில்லை, பிரேக்கும் நானில்லை.
மேடைக் கூரையின் விளிம்பில்
காதில் கருவி மாட்டி நிற்கும் இரண்டு கண்கள், அவ்வளவுதான்.
கீழே அறுபத்தேழாம் எண் காரில் என் தம்பி கால்டர்.
தலையைத் திருப்ப முடியாதபடி
அவனை இறுக்கிக் கட்டியிருக்கிறது இருக்கை.
அதனால் நான் சொல்கிறேன்:
"உள்ளே ஒருவன். இன்னும் உள்ளேதான்.
கதவோரம்... பம்பரோரம்...
விலகிட்டான். போ."

பதினேழு வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு பந்தயம்.
நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இதைத்தான்.

ஸ்ட்ரூப் வீட்டுப் பிள்ளைகளுக்கு
வலப்பக்கம் என்று ஒன்றிருப்பதே தெரியாது,
எங்கள் பக்கத்துக் கேலி இது,
வட கரோலினா முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.
அப்பா லயல் பத்தொன்பது முறை ஜெயித்தவர்.
சித்தப்பா வெல்டன் இரண்டு முறை.
மூன்றாம் வளைவின் சுவரோடு அவர் கணக்கு முடிந்தது.
அந்தக் காலத்தில் மனைவிமார்தான்
பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து சுற்றெண்ணுவார்கள்.
ஆர்லீன் சித்தியின் தாளில்
நூற்றுப் பன்னிரண்டு வரை கோடு.
பிறகு வெறும் கட்டங்கள்.
அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, கிழிக்கவுமில்லை.
அலமாரித் தட்டில் விரித்து
மேலே மாவு டப்பாக்களை வைத்திருந்தாள்.

கால்டருக்கு அந்த எண்ணைக் கொடுத்தவள் அவள்தான்.
பார்க்க மட்டும் வரவில்லை.

எண்ணோடு அப்பாவின் பகையாளிகளும் வந்தார்கள்.
முதல் பந்தயத்திலேயே ஒருத்தன்
பின்னால் இடித்துச் சுழற்றிப் புல்லில் விட்டான்.
"உங்கப்பனுக்கு எட்டு வருஷமா பாக்கி,
வட்டியோட வாங்கிக்க" என்றான்.
கார் நெற்றியில் முதலில் பன்றித் தீவனக் கம்பெனி,
பிறகு மெத்தைக் கடை,
கடைசியில் காது கேட்கும் கருவி.
"என்ன?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு
அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

முன்னால் போகிறவன் கிழித்த காற்றில் ஒண்டிக்கொண்டால்
பின்னால் வருகிறவனுக்குப் பாரம் குறையும்.
அப்பன் நிழலில் ஓடுகிற பிள்ளை என்று
பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.
பாதிதான் தெரியும் அவர்களுக்கு.
ஒட்டிக்கொண்டு ஒருவன் வந்தால்
முன்னவனைப் பின்னிழுக்கும் காற்றும் அடங்கும்,
அவனும் வேகமாவான்.
அப்பாவின் கடைசி மூன்று கோப்பைகளிலும்
ஒரு சாண் பின்னால் ஒட்டி வந்தது யார்?
எந்த மைக்கிலும் அவர் சொன்னதில்லை.
நான் மேலிருந்து பார்த்தேன்.

அவனுக்கென்று ஒரே ஒரு வெற்றி.
பிரஷி ஃபோர்க்கில், செப்டம்பரில்.
எல்லாரும் டயர் மாற்ற, பெட்ரோல் போட ஒதுங்கினார்கள்.
எனக்குக் கார்கள் தெரியவில்லை,
மேற்கே ஈயநிறத்தில் ஒரு மேகம் தெரிந்தது.
"ஒதுங்காதே. மழை வருது."
தொட்டியில் நான்கு சுற்றுக்கு மட்டும் பெட்ரோல்.
மூன்றாவதில் தூறல். சிவப்புக் கொடி.
முதலாவதாக நின்ற காருக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள்.
அவன் இறங்கவில்லை.
இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே
வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்,
அசைந்தால் மழை நின்றுவிடும் என்பதுபோல.

பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போனபின்
ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது.
பதினான்காவதாக நின்ற அப்பா
நனைந்த தொப்பியைப் பிழிந்தபடி வந்து கேட்டார்:
"ஓடாம ஜெயிக்க யாருடா சொல்லிக் கொடுத்தது?"
அவன் கூரையைக் கைகாட்டினான்.
அன்றைய புகைப்படத்தில் என் முழங்கை இருக்கிறது.

முடிவு விபத்தாக வரவில்லை.
ஒரு பிப்ரவரியில் தொலைபேசி அடிக்கவில்லை, அவ்வளவே.
இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்.
வலப்பக்கமும் திரும்புகிறான்.

அப்பாவைப் புதைத்துவிட்டு
அவனுடைய பிக்கப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம்.
முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது.
கண்ணாடிகள் மூன்று இருந்தும்
தடம் மாற அவன் என் வாயைத்தான் பார்த்தான்.
எட்டிப் பார்த்தேன்.
இடப்பக்கம் வெறும் தார்ச்சாலை, மதிய வெயில்.

"உள்ளே ஒருவன்" என்றேன்.

அவன் மாறவில்லை.

"இன்னும் உள்ளேதான்."

லாரியின் பின்னாலேயே போனோம்,
பதினோரு மைல்.