எண்பத்து மூன்றாவது தட்டு

பேர்னிலிருந்து வந்தவர் எண்களை வாசித்தார்.
முப்பத்தொரு வருட சேவை. நான்கு சிறைகள்.
தப்பியவர் இருவர், இருவரும் பிடிபட்டனர்.
செலவில் பதினொரு வீதம் மிச்சம்.
தூன் நகரச் சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில்
கைதட்டல் கொஞ்சம் நீண்டுதான் போனது.

நான் பின்வரிசையில், ஏப்ரனைக் கழற்றாமல்.
எனக்குத் தெரிந்த எண் வேறு.

இங்கே அதிகாரியாக இருந்த காலத்தில்
பதினொன்று நாற்பதுக்கு வருவார் வெரேனா எஷ்லிமன்.
அடுக்கில் கைக்கு வந்த தட்டை எடுப்பார்.
நின்றபடியே நாலு வாய்.
"உப்பு."
அவ்வளவுதான்.
அதற்குமேல் பேசினால்
அன்று யாருக்கோ விடுதலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
ஆண்கள் கட்டடத்துச் சாவியைப் பெண்ணிடம் தரமாட்டார்களாம்;
இரண்டு குளிர்காலம் வாசலில் பனி தள்ளினாராம்.
அவர் சொன்னதில்லை.
இப்போது பனி தள்ளும் ருடொல்ஃப் சொன்னான்.

ஒரு மாசியில் ரேமோவின் தகப்பன் செத்தார்.
அடக்கத்துக்குப் போக மனுக் கொடுத்தான் பையன்.
மறுத்தார்.
விதி இருந்தது.
விடுதியிலிருந்து ஒருமுறை ஓடியவன் என்ற குறிப்பும் இருந்தது.
கையெழுத்து வழக்கம்போல் நேராக இருந்தது.
மூன்றாம் இரவு அவன் போய்விட்டான்,
பூட்டிய கதவைத் திறக்காமலே.

மறுநாள் சமையலறைக் கணக்கை யாரும் திருத்தவில்லை.
எண்பத்து மூன்று என்றிருந்தது. எண்பத்து மூன்று வைத்தேன்.

பதினொன்று நாற்பது.
அடுக்கில் கை வைக்கவில்லை அவர்.
ஒவ்வொன்றாய் வண்டி ஏறி
ஒன்று மிஞ்சும்வரை பார்த்து நின்றார்.
பிறகு அதை எடுத்துக்கொண்டு
முதல் தடவையாக உட்கார்ந்தார்.

உருளைக்கிழங்கு, அவரை, ஒரு துண்டு இறைச்சி.
முழுக்கத் தின்றார்.
தொண்டை மறுத்த இடங்களில்
நான் அண்டாவைத் தேய்த்தேன்,
தேய்த்து வைத்த அண்டாவையே.

"உப்பு சரி."
தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

அந்த விதி பிறகு மாறியது.
பேர்னில் பெரிய நாற்காலிக்குப் போனபின்
அவர்தான் மாற்றினார் என்கிறார்கள்:
இரு காவலர், இரண்டு மணி நேரம், அடக்கம் வரை.
மேடைக்காரரின் தாளில் அது வெறும் பிரிவு எண்.
ரேமோவின் தாய்க்கு
நாலு வருடம் பிந்திய பிரிவு எண்.

கேக் வெட்டும் சத்தத்துக்கிடையில்
சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
"இன்றைக்கு எத்தனை?"
"எண்பத்தொன்பது."
"கட்டில் எண்பதுதானே" என்றார்,
பையில் பேனாவைத் தேடினார்,
இல்லை.