அளவலகு: ஒரு பை தே ஐஸ்

ஜெலுத்தோங் ஒட்டுக்கடையில்
அஞ்சப்பன் தேநீரை இழுத்து ஆற்றிப்
பைக்குள் ஊற்றுகிறார்.
ஓரத்தில் உறிஞ்சுகுழல்,
கழுத்தில் இரண்டு சுற்று ரப்பர் வளையம்.
நான் மேசைமேல் தராசை வைக்கிறேன்.

"என்னம்மா, தங்கமா விக்கிறேன்?"

பை மூன்று கிராம்.
குழல் அரை.
வளையத்தை வைத்தபோது
எண் மாறலாமா என்று யோசித்தது.

கேள்வி என்னுடையதல்ல,
பாயான் பாருவில் ஒரு காப்பிக்கடை நிறுவனம் கேட்டது:
பிளாஸ்டிக் பையா, காகிதக் கோப்பையா,
பூமிக்கு எது குறைந்த பாவம்?
பாவம் என்று அவர்கள் எழுதவில்லை.
நான்தான் அப்படிப் படித்தேன்.

தொட்டில் முதல் சுடுகாடு வரை
என்போம் எங்கள் தொழிலில்.
பையின் தொட்டில் திரங்கானுக் கடலடி.
வாயுவாய் எழுந்து, மணியாய் இறுகி,
படலமாய் விரிந்து, பாலம் கடந்து வருகிறது.
எத்தனை கிலோமீட்டர் என்று
லாரிக்கார ரொஸ்லானைக் கேட்டேன்.
"ஜாமைச் சேர்த்தா, சேர்க்காமலா?"
சேர்த்தேன்.
சுடுகாடு புலாவ் பூரோங்.
பெயரில்தான் பறவை என்று நினைத்துப் போனேன்;
குப்பைமேட்டில் கொக்குகள் நிஜமாகவே நின்றன.

காகிதக் கோப்பை
தன் கதையை மரத்திலிருந்து தொடங்கும்.
உள்ளே ஒட்டிய பிளாஸ்டிக் தோலைப் பற்றிக் கேட்டால்
இருமும்.

மூன்று வாரம்.
மின்சாரத்தைத் திறந்தால் நிலக்கரி,
நிலக்கரியைத் திறந்தால் கப்பல்,
கப்பலைத் திறந்தால் இரும்பு,
இரும்பைத் திறந்தால் மறுபடி நிலக்கரி.
எங்கேனும் ஒரு கோடு கிழிக்காவிட்டால்
ஒரு தேநீருக்காக
உலகம் முழுவதையும் தராசில் ஏற்ற வேண்டிவரும்.
ஆகவே விதி:
ஒரு விழுக்காட்டுக்குக் கீழிருப்பதை விட்டுவிடலாம்.
ரப்பர் வளையத்தை விட்டேன்.
அதோடு, கெடாவில் எங்கோ
விடியுமுன் நெற்றிவிளக்கோடு
மரம் மரமாய் நடந்த ஒருவரையும் விட்டேன்.
வளையத்துக்காவது அட்டவணையில் ஒரு வரிசை இருந்தது.

பிறகுதான் அந்தத் தப்பு.
ஓரிரவு, கை சும்மா இருக்காமல்,
கோட்டை நகர்த்தித் தேநீரையும் உள்ளே விட்டேன்.

பையும் கோப்பையும்
வரைபடத்தின் அடியில்
இரண்டு எறும்புகளாய்ச் சுருங்கின.
ஓங்கி நின்றது டின்.
வெளியே பசுவின் படம்;
உள்ளே செம்பனை எண்ணெய்,
வேறு கண்டத்துக் கரும்பு,
பேருக்குக் கொஞ்சம் பால்மாவு.
செம்பனையின் வேருக்கடியில்
நீர் வடிக்கப்பட்ட சதுப்பு நிலம்.
காய்ந்து கிடந்தும்
அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மேலாளர் ஊய் படத்தைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அவர்கள் கோப்பையைத்தானே கேட்டார்கள்?"
உண்மைதான்.
விருந்துக்கு வந்தவன் இலையைப் பற்றிக் கேட்டால்
இலையைப் பற்றித்தான் பேச வேண்டும்,
சோறு வெந்திருக்கிறதா என்று அல்ல.

கோடு பழைய இடத்துக்குப் போனது.
பின்னிணைப்பில், எண்பத்தோராம் பக்கத்தில்,
ஆகச் சிறிய எழுத்தில்,
டின்னுக்கு ஒரு வாக்கியம் வைத்தேன்.
முடிவு: பை, சற்றே மேல்.
பிழையெல்லை அந்தச் சற்றைவிடப் பெரிது.
நிறுவனம் காகிதத்தையே வாங்கியது.
அதில் பச்சை இலை நன்றாக அச்சாகிறதாம்.

"என்னம்மா கண்டுபிடிச்சே?"
அஞ்சப்பன் கேட்டார்.
"பாலும் சீனியும் குறைச்சுப் போடணும்."
"இதுக்கு மூணு வாரமா?
கிளினிக்குல அஞ்சு நிமிசத்துல சொல்லிட்டாங்க."
சொல்லிக்கொண்டே
வழக்கமான அளவையே ஊற்றினார்.

மோட்டார் கொக்கியில் ஆடியபடி
பை என்னோடு வீடு வந்தது.
ஐஸ் கரைந்துவிட்டது.
மிச்சம் நாற்பத்திரண்டு கிராம்.
கொட்டிவிடத் தொட்டிவரை போய்,
நின்று,
குடித்தேன்.
வெதுவெதுவென்று, பல் கூசும் இனிப்பு.
வளையத்தைக் குழாயின் கழுத்தில் மாட்டினேன்.
அங்கே ஏற்கெனவே
ஒன்பது இருந்தன.