பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது

ஸ்டெல்லா ஒன்பதேகாலுக்குப் படுப்பாள்,
ஒன்பது இருபதுக்கு ஊரைவிட்டே போய்விடுவாள்.
பக்கத்தில் நான்,
முட்டுக்கு அடியில் ஒரு தலையணை,
இடுப்புக்கு அடியில் மடித்த சாரம்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
பணகுடி வரைக்கும் காத்தாடிகள்.
தலையில் சிவப்பு விளக்கு, எரியும், அணையும், எரியும்.
எண்ணினால் தூக்கம் வருமென்றார்கள்.
நாலாயிரம் வரை போயிருக்கிறேன்.

அதில் பதினோரு காத்தாடிக்கு நான்தான் வைத்தியன்.
எண்பது மீட்டர் ஏணி,
இடுப்பில் சாமான் பை,
பதினாறு வருசம்.
இப்போது எல்-நாலுக்கும் எல்-அஞ்சுக்கும் நடுவில்
யாரோ ஸ்பானரை மறந்து வைத்துவிட்டு
கீழே இறங்கிவிட்டார்கள்.

நாகர்கோவில் ஊசி, பாளையங்கோட்டை மாத்திரை.
கடைசியில் டாக்டர் ஒரு நம்பர் எழுதித் தந்தார்.
"வலிக்கு இல்ல, தூக்கத்துக்கு. வீடியோவுலயே பேசுவாங்க."
"பேசினா தூக்கம் வருமா?"
"கோயில்ல பிரசங்கம் கேட்டா வருதுல்லா?"

திருச்சியிலிருந்து இந்துஜா என்றொரு பிள்ளை.
போனை வயிற்றில் நிறுத்தி, படுத்தபடி வணக்கம் சொன்னேன்.
"சார், எங்க இருக்கீங்க?"
"கட்டில்ல."
"முதல்ல எந்திரிங்க. கட்டில் தூங்க மட்டும்தான்."
இந்தப் பிள்ளைக்கு வலி என்றால் என்னவென்று தெரியுமா
என்று நினைக்கையில்
படம் உறைந்து
அவள் வாய் திறந்தபடியே நின்றது.

ஒரு நோட்டு போடச் சொன்னாள்.
படுத்த நேரம். தூங்கிய நேரம்.
விழித்தது எத்தனை தடவை.
வலி, பத்துக்கு எவ்வளவு.
ஒன்பது மணி நேரம் கட்டிலில் கிடந்து
மூன்றரை மணி நேரம் தூக்கம்.
கணக்குப் போட்டால் முப்பத்தொன்பது சதம்.
இந்த லட்சணத்தில் ஒரு காத்தாடி சுற்றினால்
கம்பெனி அதைக் கழற்றி எடைக்குப் போட்டிருக்கும்.

பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது.
ஐந்தரைக்கு எழுந்தே ஆகவேண்டும்.
இருபது நிமிசம் போலத் தோன்றியும் வரவில்லையா, எழுந்து போ.
மணி பார்க்காதே.
சுவர்க்கடிகாரத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வடக்கன்குளம் அடங்கிய பிறகு
மூன்று மணி நேரத்தை ஒரு மனுசன் என்ன செய்ய?
அடுக்களையில் மங்கல் விளக்கு,
ஒரு முறம், இரண்டு கட்டு முருங்கைக்கீரை.
இருந்து வலித்தால் நின்று ஆய்வேன்,
நின்று வலித்தால் சுவரில் சாய்ந்து.
தெருவுக்கே கீரை கொடுத்தோம் அந்த மாசம்.

"இன்னிக்கும் தூங்கலேன்னா நாளைக்கு நடக்கவே முடியாது."
இதை எழுதச் சொன்னாள்.
அதற்கு எதிராக ஏதாவது சாட்சி உண்டா என்றாள்.
யோசித்தேன்.
போன செவ்வாய் ரெண்டு மணி நேரத் தூக்கம்.
வள்ளியூர் போய் கேஸ் ரெகுலேட்டர் வாங்கி
பஸ்ஸில் வந்தேன்.
"உட்கார்ந்தா?"
"நின்னுக்கிட்டே."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இந்தத் தடவை நெட் நன்றாகத்தான் இருந்தது.

நானே ஒன்று சொன்னேன் அவளிடம்:
காற்றில்லாத நாளில் ஏறி
கையால் தள்ளியா சுற்றவைப்போம்?
காற்று வருகிற பக்கம் அதன் முகத்தைத் திருப்பிவிட்டு
இறங்கிவிடுவோம்.
"சார், இதை மத்தவங்களுக்கும் சொல்லலாமா?"
"சொல்லும்மா. என் பேரு வேண்டாம்."

ஆறாவது வாரம்.
வலி ஆறு. முதல் வாரமும் ஆறுதான்.
சவம், அது அப்படியேதான் கெடக்கு.
நேற்று ராத்திரி ஆடிக்காற்று ஜன்னலை அறைந்ததாம்,
மழையும் பெய்ததாம்.
நோட்டில் தூங்கிய நேரம் என்கிற கட்டத்தில்
'தெரியல' என்று எழுதினேன்.

முறத்தில் பாதிக் கீரை அப்படியே.
மீதியை ஸ்டெல்லா ஆய்ந்துகொண்டிருந்தாள்.
இடுப்பு, வழக்கம்போல,
எனக்கு முன்னாலேயே எழுந்திருந்தது.