மூன்றாவது சென்சர்

காலை ஆறரை. கிராண்ட்பாஸ் இன்னும் முகம் கழுவவில்லை.
இரவு முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே நின்ற காரில்
சாவியை அரைத் திருப்பு மட்டும் திருப்பினேன்,
எஞ்சினை எழுப்பவில்லை.
ஸ்கேனரில் நாலும் வரிசையாக வந்தன:
இருபத்தேழு
இருபத்தேழு
தொள்ளாயிரத்து எண்பத்தாறு
இருபத்தேழு.

குனிந்து புகைக்குழாயில் கை வைத்துப் பார்த்தேன்.
பச்சைத்தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

இதுதான் மூன்று கிழமையாக
கிளமென்ஸ் அண்ணனை ஊரவைத்தது.
எரியுது எரியுது என்று ஒன்று கத்த,
அதை நம்பிய கம்ப்யூட்டர்
டர்போவின் கழுத்தைப் பிடித்து
நாற்பதுக்கு மேல் போகவிடவில்லை.
களனிப் பாலத்தில் த்ரீவீல்களும் முந்திப் போனதாம்.
பின்சீற்றில் இருந்த பெண் பிளைட்டைத் தவறவிட்டாளாம்.
"காசு வாங்கேல்லை" என்றார். "எப்பிடி வாங்கிறது?"

முதல் பார்த்த கராஜில் மாற்றியது இரண்டாவதை.
புதுச் சாமான், நல்ல சாமான், பிழையான இடம்.
நானும் ஒருக்கால் அப்படிச் செய்திருக்கிறேன்,
அதனால் வாயைத் திறக்கவில்லை.
மூன்றாவதின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தேன்.
எண்ணே இல்லை.
உள்ளே எங்கேயோ மயிரளவு கம்பி அறுந்திருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் புதுசு நாற்பத்திரண்டாயிரம்.
விலையைச் சொல்லிவிட்டு இர்ஷாத் குரலைத் தாழ்த்தினான்:
"என்னத்துக்கு தங்கச்சி?
இருநூறு ரூபாக்கு ஒரு ரெசிஸ்டர் தாரேன்.
ரெண்டு வயரையும் முறுக்கி டேப்ப சுத்துங்க.
எப்பவும் ஒரே சூடுதான் காட்டும்.
லைட் எரியாது. வாகனம் பறக்கும்."

கிளமென்ஸ் என்னைப் பார்த்தார்.
லீசிங்காரன் அன்று காலையிலேயே ரெண்டு கோல்.
நான் சொல்லியிருக்கலாம்,
எது நடந்தாலும் சரி, சரி என்கிற ஒன்றை
நெருப்புக்குப் பக்கத்தில் காவல் வைக்கக்கூடாது என்று.
சொல்லவில்லை. "பழசு இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து ஒன்றைக் கிளறி எடுத்தான்.
எங்கோ அறுத்த காரின் மிச்சம், எட்டாயிரம்.
கேரண்டியா? சிரித்தான்.

எதிரே தேத்தண்ணிக் கடை.
எனக்குக் கொதிதண்ணீர் மட்டும் போதும் என்று
தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.
மாத்தயா ஒரு கிளாஸில் ஊற்றித் தந்துவிட்டு நின்று பார்த்தார்.
சென்சரின் மூக்கை அதில் அமிழ்த்தினேன்.
இருநூற்று இருபத்துநாலு ஓம் என்றிருந்தது
நாற்பதாகி, ஐம்பத்தெட்டாகி,
இருநூற்று எழுபத்தொன்றில் போய் நின்றது.
(கிளாஸ் கொஞ்சம் சூட்டைத் தின்றிருக்கும்.)
வெளியே எடுத்தேன். அவசரப்படாமல் இறங்கியது.
"சீனி போடவா?" என்றார் மாத்தயா.
கடை முழுக்கச் சிரித்தது. கிளமென்ஸ் காசை எண்ணினார்.

பிறகுதான் வேலை.
பத்து வருசத்துத் துரு.
எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, எண்ணெய் விட்டு,
பிளந்த சொக்கெட்டைப் போட்டு இழுத்தேன்.
ஆமையளவு கூட அசையவில்லை.
திரும்ப எண்ணெய். திரும்பச் சூடு.
முன்னங்கையில் ஒரு சிவப்புக் கோடு எனக்கு.
முக்கால் மணித்தியாலம் கழித்து "டக்" என்றது,
நெஞ்சு நின்றது.
உடைந்ததா, விட்டதா?

விட்டது.

புரிக்கு மட்டும் செம்புக் கிரீஸ், முனையில் படக்கூடாது.
வயர் முறுகாமல் முதலில் கையால்,
கடைசிக் கால் சுற்றுக்குத்தான் சாவி.
பிழைக் கோடுகளை அழித்தேன்.
முகத்துவாரம் வரை ஓடிப் பார்த்தோம்.
டர்போ மூச்சு விட்டதும்
கிளமென்ஸ் ஹோர்னை அடித்தார், முன்னால் ஒருவரும் இல்லை.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.
ஆறட்டும் என்று இரவு வைத்துக்கொண்டேன்.
விடியப்புறம் மழை.
ஆறரைக்கு அரைத் திருப்பு:
இருபத்தைந்து
இருபத்தைந்து
இருபத்தைந்து
இருபத்தைந்து.

குடையோடு வாசலில் நின்றவர்
எண்களைப் பார்த்துக் கலங்கினார்.
"நேற்று இருபத்தேழெல்லோ? என்ன குறைஞ்சிருக்கு?"

"மழை" என்றேன்.