நல்ல நிலையில் இயங்கியது

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ், லேமினேஷன், டிடிபி என்று
மூன்று தொழில் எழுதிய என் போர்டில்
நான்காவதை வேண்டுமென்றே எழுதவில்லை:
சிடி, டிவிடி எரித்துத் தரப்படும்.

எழுதினால் வந்துவிடுவார்கள்.
எழுதாமலே வருகிறார்கள்.

நடுவீரப்பட்டு தையல்நாயகி வந்தது வியாழன் மாலை.
மருந்துச் சீட்டில் சுற்றிய பென்டிரைவ்.
'வக்கீலு தட்டுல போட்டுக் கேக்கறாரு,
நாளைக்கு வாய்தா.'
ஆல்பேட்டை பெட்ரோல் பங்க் கேமரா,
ஒரு மணி நேரம், ஆறு கோப்பு.
ஐந்தில் வெறும் சாலை.
ஆறாவதின் கடைசியில்தான் லாரி.

என் லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பொத்தானை அழுத்தினால் நாக்கை நீட்டும்.
தட்டு உள்ளே போனதும் தொண்டை கமறும்,
சுற்றும், நிற்கும், யோசிக்கும்,
மறுபடி சுற்றும்.
பொங்கலுக்கு முந்தின வாரம் மட்டும்
ஏன் ஒழுங்காக எரித்தது என்று
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் தட்டு எட்டு வேகம்.
எரித்து முடித்து, சரிபார்க்கையில்
தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் உறைந்தது.
இரண்டாவது நாலு வேகம். தொண்ணூற்று நான்கு.
மூன்றாவதற்கு முன்
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
கடுகளவு லென்ஸைத் துடைத்தேன்.
பஞ்சு சாம்பலாக வந்தது.
கடல் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்,
உப்புக் காற்றுக்குக் கதவு தட்டும் பழக்கமில்லை.
நான்காவதற்கு வேறு கம்பெனித் தட்டு.
ஐந்தாவதற்கு
லேப்டாப்புக்கு அடியில் இரண்டு பழைய கேஸ் கட்டு,
ஃபேனை நிறுத்தி
மூச்சையும் ஏறக்குறைய நிறுத்தி.

தொண்ணூற்று நான்கு.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள்
கெட்ட தட்டொன்றில் தன் முகம் பார்த்தாள்.
'எதுவரைக்கும் ஏறியிருக்கு?'
லாரி வர்ற வரைக்கும்.
'அப்ப இதுல அவரு நல்லாத்தான் நடக்கறாரு.'
கலியபெருமாளுக்கு இப்போது
இடது கால் முட்டியோடு சரி.

தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.
உள்ளிருந்து வெளியே எழுதுகிறது இது.
நடு ஓட்டையை ஒட்டி முதல் நிமிடம்,
விளிம்பில் கடைசி நிமிடம்.
சனியனுக்கு விளிம்பில்தான் தகராறு.

கோப்பை வெட்டவில்லை, தொடவில்லை.
பந்தியில் இடம் மாற்றி உட்காரவைப்பது போல
ஆறாவதை முதலில் வைத்தேன்.
நடுவில் கரண்ட் போனது.
பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது,
அன்றைக்கு என்னவோ தாங்கியது.

லாரி வந்தது. நம்பர் தெரிந்தது.
தையல்நாயகி திரையைப் பார்க்கவில்லை,
தெருவில் போகும் பஸ்ஸின் போர்டைப்
படித்துக்கொண்டிருந்தாள்.
தொண்ணூற்று நான்கில் உறைந்தது
வெறும் சாலை,
அதைப் பாதி கடந்த ஒரு நாய்.

'போதும்ப்பா' என்றார் போனில் வக்கீல் ஞானமூர்த்தி,
'நாயை யார் கேக்கப் போறா?
சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பு.'

படித்தேன்.
மேற்படி கணினி
மேற்படி காலம் முழுவதும்
நல்ல நிலையில் இயங்கியது.

பேனா மூடியைக் கழற்றினேன்.
மாட்டினேன்.
எதிர்த்தரப்புக்கு ஒரு நாய் போதும்.

இவ்வளவு நேரம் தோன்றாதது அப்போது தோன்றியது,
வெட்கமாகவும் இருந்தது.
இரண்டு தட்டு. ஆளுக்கு மூன்று கோப்பு.
இரண்டிலும் விளிம்பு காலி.
நூறு சதவீதம். இன்னொரு நூறு.

கையெழுத்துப் போட்டேன்.
'விளிம்பைத் தொடாத வரைக்கும்' என்று சேர்க்க
அந்தப் படிவத்தில் இடமில்லை.

கடைசி பஸ்ஸுக்கு எழுந்தவள்
'கெட்டதையும் குடுங்க' என்றாள்,
'மல்லாட்டை காயுற இடத்துல காக்கா தொல்லை.'
ஆறையும் கொடுத்தேன்.
'எதுல லாரி இல்ல?'
காட்டினேன்.
ஐந்தைப் பையில் போட்டாள்.
லாரி இல்லாத ஒன்றை
மருந்துச் சீட்டில் சுற்றிக்கொண்டாள்.