உப்பு மறந்த களிமண்

துளை பதினான்கு. ஆழம் ஒன்பது மீட்டர் இருபது.
திரொன்ட்ஹைமில் பனியா மழையா என்று
வானத்துக்கே தெரியாத ஒரு நவம்பர் காலை.
எஃகுக் குழாயிலிருந்து வழுக்கி வந்தது
முழ நீளச் சாம்பல் நிறக் களிமண்.
கத்தியால் அரிந்தேன், சோப்புக் கட்டியாய் நின்றது.
விரலால் அழுத்தினேன், எதிர்த்தது.

கேட்கிற விதமாய்க் கேட்க வேண்டும்.

கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் பிசைந்தேன்.
நாற்பது சுற்று முடியவில்லை,
மோராகிவிட்டது.
அறுபது கிராம் கூம்பை மேலே விட்டேன்.
எங்கும் நிற்காமல் அடிக்கிண்ணத்தில் போய்
டிங்கென்றது.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது:
அளக்க இயலவில்லை.

இது ஒரு காலத்தில் கடலடி.
துகளைத் துகளோடு பிடித்து நிறுத்தியது உப்பு,
சீட்டுக்கட்டு வீடு போல, இடையிடையே நீர் வைத்து.
பனிப்பாறை உருகியதும் நிலம் நிமிர்ந்தது.
மழை இறங்கி இறங்கி உப்பைக் கழுவிக்கொண்டு போனது.
உப்பிட்ட கடலை உள்ளளவும் நினைக்காத மண்.
இன்னும் யாரும் தட்டவில்லை,
அதனால் நிற்கிறது.

நாங்கள் தட்டப் போகிறோம்.
சாலைச் சுரங்கம். கூரைக்கு மேல் மண் ஒன்பதே மீட்டர்.
ஆழத்தில் என்றால் மண் தன் பாரத்தைத் தோள் மாற்றிக்கொள்ளும்,
இங்கே அதற்குத் தோளே கிடையாது.
மண்ணுக்கு மேல் புல், புல்லுக்கு மேல் மஞ்சள் மரவீடு,
வீட்டுக்குள் இரவுப் பேருந்து ஓட்டுகிற யோருன்,
பகலெல்லாம் தூங்குகிறவள்.

"பாதுகாப்பு எண் ஒன்று புள்ளி மூன்று எட்டு,"
என்றார் எய்வின்ட்.
"வேண்டியது ஒன்று புள்ளி நான்கு. தொட்டுவிட்டோம்."
அது துளை பதின்மூன்று வரைக்குமான கணக்கு.
"பதினான்கு? எடுக்கும்போதே கலைந்திருக்கும், சுன்னிவா.
விட்டுவிடலாமே."

கலைந்திருக்கலாம். லாரி அன்று நிறையக் குலுங்கியது.
ஓர் இரவு முழுக்க நானும் அதை நம்பப் பார்த்தேன்.
எய்வின்ட் கெட்டவர் இல்லை,
அவருடைய காலண்டரில் கட்டங்கள் தீர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

விடியும் முன் ஆய்வகத்துக்குப் போய்
களிமண்ணைப் பிழிந்து நீரை அளந்தேன்.
உப்பு, லிட்டருக்கு அரை கிராம்.
குலுங்கினால் மண் கலையும்.
குலுங்கி உப்பைத் தொலைக்க முடியுமா?

கூட்டத்தில் பேசவில்லை. எனக்குப் பேச வராது.
கிண்ணத்தை வரைபடத்தின் மேல் சாய்த்தேன்.
சுரங்கத்தின் மேல், அளவுகோலின் மேல்,
மஞ்சள் வீட்டுக்கான சின்னச் சதுரத்தின் மேல்
ஒழுகி மேசை விளிம்புக்கு வந்தது.
யாரோ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டார்கள்.
மிச்சத்தில், கேன்டீன் மேசையிலிருந்து எடுத்து வந்த
உப்புச் சீசாவைத் தட்டிக் கிளறினேன்.
கெட்டியானது.
கரண்டி அதில் நேராக நின்றது.

எய்வின்ட் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்: "எத்தனை வாரம்?"

ஆறு என்றோம். ஒன்பது ஆனது.
சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த தூண்களை
வரிசை வரிசையாக மண்ணுக்குள் இறக்கினோம்.
பிறகுதான் தோண்டினோம்.
யோருன் வீட்டுச் சுவரில் ஒட்டிய கண்ணாடிக் குறி
நான்கு மில்லிமீட்டர் இறங்கி நின்றுகொண்டது.

இந்தத் திட்டம் பற்றி வந்த ஒரே கடிதம் அவளுடையது.
"பகல் பத்து மணிக்கு எந்திரம் அலறுகிறது.
எனக்குத் தூக்கம் வேண்டாமா?
உங்களில் யாருக்காவது மனசாட்சி உண்டா?"

மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.
காதடைப்பான் இரண்டு ஜோடி
உறையில் வைத்து அனுப்பினேன்.